கயிற்றின் இரு முனைகள்

தாஜ்மஹாலைக் காண ஆக்ரா செல்லும் குடும்பங்கள் பல. பளிங்கு மாளிகையின் எழிலில் உள்ளத்தைப் பறிகொடுத்து, அப்படியே ஊர் திரும்பிவிடுகின்றனர். அந்நகரிலிருந்து டில்லி நெடுஞ்சாலையில் சுமார் 20 கிலோ மீட்டர் தொலைவில், கீதம் ஏரியை ஒட்டி, நம் பிள்ளைகள் அவசியம் காணவேண்டிய இடம் ஒன்றுண்டு. அதுவே கரடிகள் மீட்பு மையம்.

இதனை மற்றுமொரு மிருகக்காட்சி சாலை என்று எண்ணிவிடலாகாது. வேடிக்கை காட்டுவதற்காகப் பிடித்து வரப்பட்ட விலங்குகள் அல்ல இவை. வேடிக்கைப் பொருளாய் வதைபட்ட வாழ்விலிருந்து மீட்கப்பட்டவை. முன் அனுமதி பெற்றே செல்லவேண்டும். கூச்சலிடுவதோ தின்பண்டங்களை எறிவதோ கூடாது.

மரநிழலில் கரடிகள் உறங்குகின்றன, மண்ணைக் கிளறுகின்றன, கஞ்சியும் பழங்களும் உண்கின்றன. "அதன் மூக்கு ஏன் வாப்பா இப்படிக் கிழிந்திருக்கிறது?" என்று பிள்ளை கேட்டால், நாம் என்ன விடை பகர்வது?

தழும்பு சொல்லும் கதை

தாய்க் கரடியைக் கொன்று குட்டியைக் கவர்வார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பூசியால் அதன் மூக்கைத் துளைத்துக் கயிற்றைக் கோப்பார்கள். கோரைப் பற்களை உடைத்தெறிவார்கள். கறையானையும் எறும்பையும் உறிஞ்சி உண்பதற்கென இறைவன் வழங்கிய உறுப்பு அந்த மூக்கு! அதிலேயே கயிறு. கயிறு சுண்டப்படும்போது வேதனை தாளாமல் கரடி துள்ளும். அதைத்தான் நடனமென்று கண்டு களித்துக் காசு வீசினோம்.

பிராணிகளின் முகத்தில் சூடிடுவதையே பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இக்கொடுமையை என்னென்பது?

மறுமுனையில் யார்?

கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தோர் கலந்தர் சமூகத்தார். நாடோடிகளாய் வாழ்ந்த ஏழை முஸ்லிம்கள். முகலாயர் காலத்தில் அரசவைகளில் வித்தை காட்டிய மரபு, பின்னர் தெருவோரப் பிழைப்பாய்ச் சுருங்கியது. கரடி ஆடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத தொலைவு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. எனினும் அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கரடிகள் தெருவில் ஆடிக்கொண்டுதான் இருந்தன. கரடியைப் பறித்துக்கொண்டு மனிதனைப் பட்டினியில் விட்டால், அவன் மற்றொரு குட்டியைத் தேடித்தானே போவான்?

கார்த்திக் சத்யநாராயணன், கீதா சேஷமணி ஆகியோர் 1995-இல் தொடங்கிய 'வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ்.' அமைப்பு இவ்வுண்மையை உணர்ந்து செயல்பட்டது. கரடியை ஒப்படைத்துத் தொழிலைக் கைவிடும் குடும்பத்திற்கு வேறு தொழில் தொடங்கப் பொருளுதவி அளித்தது. சிலர் சிறுகடை வைத்தனர்; சிலர் ஆட்டோ ஓட்டினர். பெண்கள் கைத்தொழில் கற்றனர். பிள்ளைகள் பள்ளி சென்றனர். கலந்தர்கள் சிலர் மீட்பு மையங்களிலேயே பணியில் அமர்ந்தனர். கயிறு பிடித்த கரங்களே கரடிக்கு உணவூட்டலாயின!

ஆக்ரா மையத்திற்கு 2002-இன் இறுதியில் முதற் கரடிகள் வந்துசேர்ந்தன. 2009 டிசம்பரில், 'ராஜு' என்னும் கரடி பெங்களூருக்கு அருகிலுள்ள பன்னர்கட்டா மையத்தில் ஒப்படைக்கப்பட்டதோடு, நூற்றாண்டுகள் பழமையான அவ்வழக்கம் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. மொத்தத்தில் 600-க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன.

இவற்றைக் காட்டில் விட்டுவிடலாமே எனப் பிள்ளைகள் வினவக்கூடும். இயலாது. பல் போயிற்று, சிலவற்றுக்குப் பார்வையும் போயிற்று. இரை தேடக் கற்பிக்க வேண்டிய தாயோ குட்டிப் பருவத்திலேயே கொல்லப்பட்டுவிட்டது. எனவே இறுதிவரை மனிதன்தான் பேணவேண்டும். இழைத்த தீங்கிற்கு அவன் செலுத்தும் கடன் இது.

பெற்றோர்களே! வடநாட்டுப் பயணம் வாய்த்தால் தாஜ்மஹாலைக் காட்டுங்கள், இக்கரடிகளையும் காட்டுங்கள். மூக்கின் தழும்பை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். கயிற்றைக் கீழே போட்ட ஏழைத் தகப்பனைப் பற்றியும், புத்தகப் பையுடன் பள்ளிக்குச் சென்ற அவன் மகளைப் பற்றியும் சேர்த்தே சொல்லுங்கள்.