பிள்ளை உடம்பில் தடிப்பா? பூசுமுன் காரணம் பாருங்கள்



கைக்குழந்தை உள்ள வீட்டில் என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். "பிள்ளைக்கு உடம்பெல்லாம் செவசெவன்னு தடிச்சிருக்கே" என்று தாய் பதறுவாள். "சூடு, வேறொண்ணுமில்லை" என்பார் ஆச்சி. அடுத்த வீட்டு மயினி "கரப்பான்" என்பார். எதிர் வீட்டில் "அக்கி மாதிரி இருக்கு, எழுதிட்டு வந்துருங்க" என்பார்கள். தகப்பனார் மருந்துக் கடைக்குப் போய், "பிள்ளைக்குச் சொறிக்கு ஏதாச்சும் கொடுங்க" என்று ஒரு டியூப் வாங்கி வருவார். ஒரே நாளில் நாலு வைத்தியம் நடந்துவிடும். தடிப்பு எதனால் வந்தது என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சங்கரன்கோவிலை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஐந்து மாதக் குழந்தை. ஒரு மாதமாக உடம்பில் பொரிப்பொரியாக இருந்தது. ராத்திரியில் அழுகை, தூக்கம் கிடையாது. முதலில் சூடு என்று எண்ணெய் தேய்த்தார்கள். பிறகு கடை டியூப் பூசினார்கள். சிவப்பு அடங்கியது போலத் தெரிந்து, முன்னிலும் அதிகமாகக் கிளம்பியது. கடைசியில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் புண் மேலேயே அப்பினார்கள். எங்களிடம் வந்தபோது பிள்ளைக்குச் சீழ் வைத்து, காய்ச்சல் அடித்து, பால் குடிப்பதும் குறைந்து போயிருந்தது. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விரித்துப் பார்த்தால் அங்கேயும் சிறு கொப்புளங்கள். தாயின் விரல் இடுக்கைக் காட்டச் சொன்னோம். அங்கேயும் சொறி. தறிக்குப் போகும் தகப்பனாருக்கு இடுப்பிலும் மணிக்கட்டிலும் அரிப்பு. விடுதியில் தங்கிப் படிக்கும் மூத்த பையன் லீவுக்கு வந்து போன பிறகு ஆரம்பித்தது என்று அப்புறம்தான் அவர்களுக்கு நினைவு வந்தது. வந்திருந்தது சூடும் அல்ல, கரப்பானும் அல்ல. வெறும் சிரங்கு! வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசியிருந்தால் முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்கும். பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்து ஊசி போட வேண்டியதாயிற்று. பிழைத்துக் கொண்டது, இப்போது ஓடி விளையாடுகிறது.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் துணி, அரைஞாண் கயிறு, தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தலை முதல் கால் வரை முன்னும் பின்னும் பாருங்கள். தடிப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை? என்றைக்கு ஆரம்பித்தது? கூடவே காய்ச்சல் உண்டா? வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா? புதிதாக ஏதாவது சேர்ந்ததா, அதாவது புது சோப்பு, புது எண்ணெய், புதுத் துணி, பவுடர்? இவ்வளவையும் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பிறந்து இரண்டு மூன்று நாளில் முகத்திலும் மார்பிலும் சிவந்த திட்டும், நடுவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சிறு பொட்டும் தோன்றினால் பயப்படாதீர்கள். பிள்ளை நன்றாகப் பால் குடித்து, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அது ஒன்றிரண்டு வாரத்தில் தானே மறையும். செவ்வாப்பு என்று சொல்லி மருந்து புகட்ட வேண்டாம். மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகளும் அப்படித்தான், பிதுக்கக் கூடாது.

வேர்க்குருவும் எண்ணெயும்

பங்குனி, சித்திரை வெயிலில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கழுத்து மடிப்பிலும், முதுகிலும், நெற்றியிலும் வருவது பெரும்பாலும் வேர்க்குரு. வியர்வை வெளிவரும் துவாரம் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தேங்குவதால் வருகிறது. துவாரம் அடைபட்டதுதான் நோய். அதன் மேல் எண்ணெயையும் பவுடரையும் அப்பினால் அடைப்பு கூடத்தானே செய்யும்? பவுடர் வியர்வையில் குழைந்து கட்டியாகிவிடும். அதன் தூசி பிள்ளையின் மூச்சுக்குள் போவது வேறு கெடுதல்.

செய்ய வேண்டியது எளிது. காற்றோட்டமான இடத்தில் கிடத்துங்கள். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும், வீட்டில் சும்மாவே கிடக்கட்டும். சாதாரண நீரில் குளிப்பாட்டி, மடிப்புகளை ஒற்றித் துடையுங்கள். தொட்டிலுக்கு நைலக்ஸ், பாலியஸ்டர் சீலை கட்டாதீர்கள். பருத்திச் சேலை நெய்கிற ஊர் சங்கரன்கோவில். ஆச்சி கட்டிப் பழசான நூல் சேலையைப் போல நல்ல தொட்டில் எந்தக் கடையிலும் கிடைக்காது. புதுச் சேலையானால் கஞ்சி போக இரண்டு மூன்று முறை அலசிய பிறகு கட்டுங்கள். குளிர்ச்சி கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர்க்குரு வாடும்.

ஆனால் கரப்பான் என்கிறோமே, அதற்குக் கதை வேறு. இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் கன்னம் சிவந்து, தோல் வறண்டு சொரசொரப்பாகி, பிள்ளை முகத்தைத் துணியில் தேய்த்துக் கொண்டே இருக்கும். தகப்பனுக்கோ தாய்க்கோ இளைப்பு, அடுக்குத் தும்மல் இருந்தால் பிள்ளைக்கு இது வர வாய்ப்பு அதிகம். இங்கே தோலில் ஈரப்பசை இல்லாததுதான் குறை. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, ஈரம் முழுதும் காயுமுன்பே சுத்தமான தேங்காய் எண்ணெயோ, வாசனை சேர்க்காத வாசலினோ தடவுங்கள். தினம் இரண்டு மூன்று முறை தடவலாம். பயற்றமாவு, கடலைமாவு போட்டுத் தேய்க்க வேண்டாம். நகத்தை வெட்டி விடுங்கள். பார்த்தீர்களா, அதே தேங்காய் எண்ணெய் கரப்பானுக்கு நல்லது, வேர்க்குருவுக்குக் கெடுதல்! காரணம் தெரியாமல் பூசக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. பிள்ளைக்குக் கரப்பான் என்றதும் தாய்க்குக் கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி ரசமும் சோறுமாகப் போடுகிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. பால் கொடுக்கிறவளைப் பட்டினி போட்டுப் பிள்ளையின் தோலைத் தேற்ற முடியாது. குறிப்பிட்ட ஒன்றைத் தாய் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் தடிக்கிறது என்று தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

துணி கட்டும் இடத்தில் சிவந்தால்

மலத்தில் உள்ள செரிமானப் பொருள்கள் மூத்திரத்தோடு சேரும்போது காரத்தன்மை ஏறி, ஊறிப் போன இளந்தோலை அரிக்கின்றன. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் இந்தக் காரம் குறைவு. இப்போது எல்லா ஊர்ப் பெட்டிக்கடையிலும் டயப்பர் தொங்குகிறது. பஸ்ஸில் போகும்போது மாட்டுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி மாட்டியதை விடிந்துதான் கழற்றுவது என்றால் தோல் என்ன ஆகும்? மலம் போனால் உடனே மாற்ற வேண்டும். மூத்திரம் மட்டுமானாலும் மூன்று மணிக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

சிவந்த இடத்தைச் சோப்புப் போடாமல் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, சிறிது நேரம் காற்றாடக் கிடத்துங்கள். பிறகு துத்தநாகக் களிம்பைக் கனமாகப் பூசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜிங்க் ஆக்சைடு என்று கேளுங்கள். துணியை பார் சோப்பு வாடை போகும் வரை அலசி வெயிலில் காயப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது என்று அரை ஈரத்தில் கட்டுவதால் வரும் புண்களை நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிறோம். துணி துவைப்பதைத் தகப்பனார் ஏற்றுக் கொள்ளலாம், கை தேய்ந்துவிடாது.

மூன்று நாளில் குறையவில்லை, தொடை இடுக்கின் உள்மடிப்பு வரை ரத்தச் சிவப்பாகி, ஓரத்தில் தனித்தனிப் பொட்டுகள் தெரிகின்றன என்றால் அது காளான் கிருமி. பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மருந்து தனி, மருத்துவர் தருவார்.

சிரங்கு

ராத்திரியில் அரிப்பு கூடுவதும், ஒரே பாயில் படுக்கிற இன்னொருவருக்கும் அரிப்பு இருப்பதும் இதன் அடையாளம். கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு பூச்சி தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. முதல் முறை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஆகவே "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்கிறவரும் மருந்து பூசியே ஆக வேண்டும். தாத்தா, ஆச்சி, விருந்துக்கு வந்து தங்கியவர் உட்பட எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கும் மருத்துவர் சொன்னபடி பூசலாம். பெரியவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே, கைக்குழந்தைக்குக் கண், வாய் ஓரம் விட்டுத் தலையிலும் பூச வேண்டும். 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். பிள்ளை கையைச் சப்பாமல் உறை போடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுமுறை பூச வேண்டும். அன்றைக்கே துணி, போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். முடியாததை மூட்டையாகக் கட்டி மூன்று நாளுக்கு மேல் ஒதுக்கி வையுங்கள். அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு மிச்சம் இருக்கலாம், அதற்காகத் தினமும் பூசக் கூடாது. சிரங்கை அலட்சியம் செய்து சீழ் பிடிக்க விட்டால் சிறுநீரகத்தைக்கூடப் பாதிக்கும்.

புற்றுமண், கடை டியூப்

சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் நமக்குப் பிரசாதம். ஆடித்தபசுக்கு வருகிறவர்கள் தோல் நோய் தீரும் என்று நம்பி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். நாங்களும் நெற்றியில் இட்டுக் கொள்கிறவர்கள்தான். பிள்ளைக்கும் நெற்றியில் ஒரு கீற்று இடுங்கள். ஆனால் எந்த மண்ணானாலும் அதில் கிருமி இருக்கும், ரண ஜன்னி வித்தும் இருக்கலாம். தோல் கிழிந்த இடத்திலும் தொப்புளிலும் மண் படக் கூடாது. கோமதி அம்மனை வேண்டிக் கொள்வதற்கும் பிள்ளையின் புண்ணைச் சுத்தமாக வைப்பதற்கும் எந்தச் சண்டையும் இல்லை.

அக்கி எழுதுவதையும் யோசித்துச் செய்யுங்கள். பெரியவர்களுக்குக் காவியில் சிங்கம் எழுதினால் மனசுக்கு ஆறுதல். பிறந்த சில வாரத்துக்குள் பிள்ளைக்குக் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதப் போகிற நேரத்தில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடையில் கேட்டு வாங்கும் டியூப்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. பூசியதும் சிவப்பு அடங்கும், ஆனால் கீழே காளானும் சிரங்கும் வளரும். பிள்ளையின் தோல் மெல்லியது, மருந்து உடம்புக்குள் அதிகமாகப் போகும். டயப்பருக்கு அடியில் பூசினால் இன்னும் அதிகம். மருத்துவர் எழுதித் தந்தால் அவர் சொன்ன நாள் வரை மட்டும் பூசுங்கள். போரிக் பவுடர் வேண்டவே வேண்டாம். புண்ணான தோல் வழியாக உள்ளே போய்ப் பிள்ளைகள் இறந்ததுண்டு.

காய்ச்சல், மூக்கொழுகல், கண் சிவப்பு மூன்று நாலு நாள் இருந்து, பிறகு காதோரமும் முகமும் தொடங்கிக் கீழே இறங்கும் தடிப்பு தட்டம்மை, அதாவது மணல்வாரி. வேப்பிலை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லி அனுப்புங்கள். வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுக்க வேண்டும், கண்ணையும் உயிரையும் அது காக்கும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இதற்கான தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. தமிழ்நாட்டில் 2017 முதல் ரூபெல்லாவுக்கும் சேர்த்தே போடப்படுகிறது.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பத்து அல்லது அதற்கு மேல் சீழ்க் கொப்புளமோ ஒரு பெரிய கட்டியோ இருந்தால், எந்த வயதிலும் தடிப்போடு பால் குடிக்காமல் துவண்டு போனால், மூச்சு வாங்கினால், உதடும் முகமும் திடீரென்று வீங்கினால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத சிவப்பு, ஊதாப் பொட்டுகள் தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மற்றதற்கெல்லாம் துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை இருக்கின்றன. சந்தேகம் கேட்க 104. தாயும் தகப்பனும் சேர்ந்தே வாருங்கள். வரும்போது வீட்டில் அதுவரை பூசிய எண்ணெய், பொடி, டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.