பெட்டில் தேய்மானமா, முறுக்கா?

பழைய இரும்பு – 6

போன வாரம் டீசலும் துணியுமாகத் துருவைத் துடைத்து எடுத்ததோடு நிறுத்தியிருந்தேன். லேத்தின் பெட் இப்போது சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரிகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கை பரபரப்பது இந்தக் கட்டத்தில்தான். சேடிலைக் கழற்று, ஹெட்ஸ்டாக்கைக் கழற்று, பச்சை பெயின்ட் வாங்கி வா என்று மனசு ஓடும். எதையும் கழற்றுவதற்கு முன்னால் பெட்டை அளந்துவிட வேண்டும். இந்த வாரம் முழுக்க அதைத்தான் எழுதப்போகிறேன். மீட்டெடுப்பு என்ற மொத்த வேலையிலும் முக்கியமான பகுதி இதுதான் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் கொட்டாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் இந்த லேத் நாலரை அடி பெட், பெல்ட்டில் ஓடுவது. செய்தவர் பெயர் பொறித்த தகடு எப்போதோ போய்விட்டது. கடற்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் போட் ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து, பிறகு ஒரு ரைஸ் மில்லுக்குப் போய், கடைசியில் ஓலைச் சாய்ப்பு ஒன்றின் கீழே கிடந்தது. இந்த ஊரில் இரும்பைச் சும்மா போட்டு வைக்க முடியாது. ஆனி ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, இரண்டும் எங்களுக்கு உண்டு. மழை விட்ட நாளில் குமரிக் கடலிலிருந்து உப்புக் காற்று வரும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்வதால், வெயிலடிக்கும் நாளிலும் துரு நிற்பதில்லை. துடைத்த அன்றே பெட் முழுக்க 68 நம்பர் ஆயிலைத் தடவி வைத்ததற்குக் காரணம் அதுதான். ஒரு வார்த்தை: பெட்டின் மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். அதிலிருந்து உதிரும் மணல் வார்ப்பிரும்பிலும் சேடிலின் அடியிலும் பதிந்துகொண்டு, அப்புறம் வருஷக்கணக்கில் அரைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த மாதிரி லேத்துகள் நம் நாட்டில் ஏராளமாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் லேத் என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். கோயம்புத்தூரில் 1926-இல் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1953-இல், ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் கூட்டோடு பெங்களூரில் எச்எம்டி வந்தது. இவை பெரிய பெயர்கள். இவற்றுக்குக் கீழே பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் என்று ஊர் ஊராகச் சின்னப் பட்டறைகள் அடி கணக்கில் லேத் வார்த்து விற்றன. நம் ஊர் லேத் பட்டறைகளை இன்றுவரை தாங்கி நிற்பதில் பாதி அந்தப் பெயர் தெரியாத வார்ப்புகள்தான். அவற்றைக் காயலான் கடை எடைக்குப் போடுவது எனக்குத் தாங்கவில்லை. இந்தத் தொடரை எழுதுவதே அதனால்தான்.

சரி, பெட்டுக்கு வருவோம். லேத்தில் மற்ற எல்லா அளவுக்கும் பெட்தான் ஆதாரம். சேடில் அதன் மேல் ஓடுகிறது, டெயில்ஸ்டாக் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஹெட்ஸ்டாக் அதில்தான் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. பெட் எப்படியோ, கடையும் ஜாப்பும் அப்படி.

எனக்குச் சொல்லித் தருகிற ஆசான் ஓய்வு பெற்ற டர்னர். லேத்தைப் பார்க்க வந்த அன்று அவர் டயல் கேஜ் எதுவும் கேட்கவில்லை. சேடிலை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளச் சொன்னார். ஹெட்ஸ்டாக்கை ஒட்டிய இடத்தில், சேடில் ஓடும் முன்பக்க வழியின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தார்.

“கண்ண வச்சுப் பாக்காத மக்ளே, நகத்தெ வச்சுத் தடவு. படி தட்டுதா?”

தட்டியது. சேடில் உரசாத ஓரம் கொஞ்சம் உயரமாகவும், உரசிய இடம் தாழ்ந்தும் இருந்தது. அதே நகத்தை டெயில்ஸ்டாக் முனையில் இழுத்தால் ஒன்றும் தட்டவில்லை. அந்த முனையில் பெட் அன்று வார்த்துச் செதுக்கியபடியே இருக்கிறது.

காரணம் எளிது. பட்டறையில் வருகிற ஜாப்பில் பெரும்பாலானவை குட்டையானவை. புஷ், வாஷர், புல்லி, போல்ட் எல்லாமே சக்கிலிருந்து ஒரு சாணுக்குள் முடிந்துவிடும். சேடில் காலமெல்லாம் அந்த ஒரு அடிக்குள்ளேயே போய் வந்துகொண்டிருக்கும். டூலின் அழுத்தம் அங்கேதான் இறங்கும், சீவலும் வார்ப்பிரும்புத் தூளும் அங்கேதான் விழும். முன்பக்க வழி பின்பக்கத்தைவிடக் கூடுதலாகத் தேயும். ஆகவே பழைய லேத்தில் சேடிலின் கிப்பைச் சக் பக்கத்தில் ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டினால், பாதியிலேயே இறுகி நின்றுவிடும். விலை பேசும்போதே பார்த்துவிடக்கூடிய சோதனை இது.

தேய்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றும். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 50 மி.மீ. விட்டமுள்ள ஜாப் கடைகிறோம். பெட் நேர் கீழாக 0.1 மி.மீ. தேய்ந்து, டூலும் அதே அளவு கீழே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜாப்பின் விட்டம் எவ்வளவு மாறும்? 0.0004 மி.மீ. கையில் இருக்கும் மைக்ரோமீட்டரில் தெரியவே தெரியாது. அதே 0.1 மி.மீ. பக்கவாட்டில், அதாவது ஜாப்பை விட்டு விலகும் திசையில் டூல் நகர்ந்தால், விட்டம் 0.2 மி.மீ. கூடிவிடும். பேரிங் உட்கார வேண்டிய இடத்தில் இது பெரிய பிழை.

கீழ்நோக்கிய தேய்மானம் பக்கவாட்டு நகர்வாக மாறுவது சாய்வினால்தான். முன்வழி கூடுதலாகத் தேய்ந்தால் சேடில் நம் பக்கமாகச் சாய்கிறது. டூல் முனை பெட்டிலிருந்து அரை அடி உயரத்தில் இருப்பதால், அந்தச் சாய்வில் அது ஜாப்பை விட்டு விலகுகிறது. எனவே தேய்ந்த இடத்தில், அதாவது சக் பக்கத்தில், ஜாப் பெருத்து வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த லேத்தின் நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இந்த ஒரு வரிதான்.

அடுத்து கடைந்து பார்த்தோம். (புதியவர்களுக்கு: லேத் முன்னால் கையுறை கூடாது, தொங்கும் துண்டும் முழுக்கைச் சட்டையும் கூடாது, சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைத் தொடவே கூடாது.) ஒன்றரை அங்குல ராடு ஒன்றை எடுத்து, எட்டு அங்குலம் வெளியே நீட்டி, நாலு ஜா சக்கில் பிடித்தோம். டெயில்ஸ்டாக் சென்டர் கொடுக்கவில்லை. நடுவில் கொஞ்சம் குறைத்துக் கடைந்துவிட்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு காலர் விட்டோம். கூராகத் தீட்டிய டூல், மிக மெல்லிய கட், கிராஸ் ஸ்லைடு டயலை அசைக்காமல் இரண்டு காலரையும் ஒரே ஓட்டத்தில் கடைந்தாக வேண்டும். கட் கனமானால் ராடு வளைந்து கொடுத்துப் பொய் சொல்லும்.

மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால், சக் பக்கக் காலரைவிட வெளிமுனைக் காலர் 0.08 மி.மீ. பெரிது.

ஆசான் ராடைத் திரும்பவும் அளந்தார். தேய்மானம்தான் காரணமென்றால் சக் பக்கம் பெருத்திருக்க வேண்டும். இங்கே நேர்மாறாக இருக்கிறது. ஹெட்ஸ்டாக் இடம் மாறியிருக்கலாம், ஆனால் அதன் போல்ட்டுகளில் பழைய பெயின்ட் உடையாமல் இருந்தது, யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. மிச்சம் ஒன்றுதான்: பெட் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சமமில்லாத தரையில் போட்ட கயிற்றுக் கட்டிலின் சட்டம் போல, தலைப்பக்கம் ஒரு சாய்வும் கால்பக்கம் வேறு சாய்வுமாக நிற்கிறது. வார்ப்பிரும்பு வளையுமா என்று கேட்பவர்கள் உண்டு. வளையும். நாலரை அடி நீளமும் அரை அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் உள்ள பெட், ஒரு கால் தரையில் சரியாக ஊன்றாமல் போல்ட் இறுக்கப்பட்டால், ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு முறுக்கிக்கொள்வதற்கு அதற்கு எந்தச் சிரமமும் இல்லை.

அதைச் சரிபார்க்க, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ஸ்பிரிட் லெவல் ஒன்றை இரவல் வாங்கினோம். சேடில் எட்டாத இடமாகப் பார்த்து, ஹெட்ஸ்டாக் ஓரத்தில் ஒரு முறையும் டெயில்ஸ்டாக் முனையில் ஒரு முறையும் பெட்டின் குறுக்கே வைத்தோம். இரண்டு இடத்திலும் குமிழி வேறு வேறு பக்கம் நின்றது. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். லேத் தரைக்கு மட்டமாக இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். கப்பலின் பட்டறையில் லேத் இருக்கிறது, அலையில் கப்பல் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது, அதில் கடைந்த ஷாஃப்ட் சரியாகத்தான் வருகிறது. இரண்டு முனையும் ஒரே சாய்வில் இருந்தால் போதும். அந்தச் சாய்வு பூஜ்யமாக இருந்தால் பார்க்க வசதி, அவ்வளவுதான்.

மருந்து மலிவானது. வெளிமுனைக் காலர் பெருத்தால், டெயில்ஸ்டாக் முனையில் நம் பக்கத்துக் காலை உயர்த்த வேண்டும். அப்போது அந்த முனையில் பெட் பின்பக்கம் சாயும், டூல் ஜாப்பை நோக்கி நகரும், விட்டம் குறையும். போல்ட்டைத் தளர்த்தி, காலுக்கடியில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் செருகி, மறுபடி இறுக்கி, ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் கடைந்து அளந்தோம். கனம் கூட்டியும் குறைத்தும் சில தகடுகள் மாற்றிய பிறகு இரண்டு காலருக்கும் வித்தியாசம் 0.01 மி.மீட்டருக்குள் வந்தது. செலவு ஒரு துண்டுத் தகடு. அவசரப்பட்டு கிரைண்டிங்குக்கு அனுப்பியிருந்தால், பெட் கண்ணாடி போல வந்திருக்கும். அதே தரையில் அதே போல்ட்டில் இறுக்கியதும் அதே முறுக்கோடு நின்றிருக்கும்.

கிரைண்டிங் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறையத் தேய்ந்த பெட்டுக்கு அது வேண்டும்தான். ஆனால் அது பெட்டோடு முடிகிற வேலை அல்ல. பெட்டின் மேலிருந்து 0.3 மி.மீ. எடுத்தால் சேடில் அவ்வளவு கீழே இறங்கும். அதோடு ஏப்ரனும் இறங்கும். ஹாஃப் நட் லீட் ஸ்க்ரூவோடு நேராகப் பிடிக்காது, ரேக்கும் பினியனும் சரியாகக் கடிக்காது. அதை ஈடுகட்டச் சேடிலின் அடியில் டர்சைட் என்ற வழுக்குப் பட்டையை ஒட்டி உயர்த்தி, அதையும் சுரண்டிப் பொருத்த வேண்டும். முதன்முதலாக லேத்தைத் தொடுகிற ஒருவர் அதில் இறங்குவதற்கு முன்னால், இப்போதிருக்கும் பெட்டில் தன் வேலை நடக்குமா என்று கடைந்து பார்த்துவிட வேண்டும்.

சுரண்டுவது என்றதும் ஜோசப் விட்வொர்த் ஞாபகம் வருகிறார். நூல் வெட்டும் லேத்தை இரும்பில் செம்மையாக்கிய ஹென்றி மாட்ஸ்லேயின் லண்டன் பட்டறையில் வேலை பார்த்தவர். அசல் சமதளம் ஒன்றை, அதற்கு முன்மாதிரியாக வேறு சமதளம் கையில் இல்லாமல், எப்படி உண்டாக்குவது? 1840-இல் கிளாஸ்கோவில் கூடிய அறிவியல் கழகத்தில் இதைப் பற்றி அவர் கட்டுரை வாசித்தார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று மேட்ச் செய்தால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும்கூடப் பொருந்திவிடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி மேட்ச் செய்தால் அந்த ஏமாற்று நடக்காது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் சமமாக இருந்தே தீர வேண்டும். இன்றும் பட்டறையில் நாம் மார்க்கிங் ப்ளூ தடவி, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டி எடுப்பது அந்த வழிதான். விலை உயர்ந்த எந்த எந்திரமும் இல்லாமல், கையும் பொறுமையும் மட்டும் வைத்துத் துல்லியத்தை உண்டாக்கிவிட முடியும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

எங்கள் பெட்டின் சக் பக்கத் தேய்மானம் அப்படியே இருக்கிறது. டெயில்ஸ்டாக் ஓடும் உள்வழி அதிகம் தேயாதது என்பதால், டெயில்ஸ்டாக்கில் டயல் கேஜைக் கட்டி, முள்ளைச் சேடில் வழியின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே போய் அளந்தோம். முன்வழியில் மிக ஆழமான இடம் சக்கிலிருந்து ஏழெட்டு அங்குலத்தில். எந்த இடத்தில் எவ்வளவு என்று சாக்பீஸால் பெட்டின் பக்கவாட்டில் எழுதி, அதை அப்படியே நோட்டில் ஏற்றியாயிற்று. புஷ்ஷும் புல்லியும் கடைவதற்கு இந்தப் பெட் தாராளமாகப் போதும் என்பது ஆசான் கருத்து, என் கருத்தும் அதுதான். நீளமான ஷாஃப்ட் வந்தால் நோட்டைப் பார்த்து, பெருக்கும் இடத்தில் கடைசிக் கட்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ராடில் அளவு சரியாக வந்த பிறகும், முகத்தில் மெல்லிய அலை அலையான கோடுகள் தெரிந்தன. அதற்குப் பெட் பொறுப்பல்ல. சக்கைக் கையால் மேலே தூக்கிப் பார்த்தால் லேசாக ஓர் அசைவு தெரிகிறது. ஸ்பிண்டிலின் வெண்கலப் புஷ்ஷைத் திறந்து பார்ப்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.