மெல்ல மிதித்தால் பிடிபடும் பழுது

வண்டி நிற்கிறது. பிறேக் பெடலில் கால் சும்மா படிந்திருக்கிறது. அந்தப் பாரத்துக்கே பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்குகிறது. பதறிப்போய் ஓங்கி மிதித்தால் இறுகி நின்றுவிடுகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் ஓங்கித்தான் மிதித்துப் பார்ப்பார்கள். "பிறேக் நல்லாத்தானே இருக்கு" என்ற பதிலோடு வண்டி திரும்பிவரும்.

பழைய மொறிஸ் மைனரில் இந்தப் பழுது அடிக்கடி வருவது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த கார் அது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் தயாரானது. இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடுகிறது. 1990களில் இதன் உதிரிப்பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் உண்டு. பெடலை மிதிக்கையில் பிறேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் இதில் என்ஜினுக்குப் பக்கத்தில் இல்லை. ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சேஸியின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து போகும் ஒரே ஒயில் பாதைதான் நான்கு சில்லுக்கும்.

திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்பது பஸ்கால் 17ஆம் நூற்றாண்டிலேயே சொன்னது. அப்படியானால், காலை எடுக்காமல் வைத்திருக்கும்போது பெடல் தொடர்ந்து இறங்குகிறது என்றால், அடைபட்ட ஒயில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றில் வெளியே கசிகிறது, இல்லையேல் வந்த வழியே ஒயில் தாங்கிக்குத் திரும்புகிறது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் அது வேறு கதை: பைப்புக்குள் காற்று. முதல் மிதிக்குப் பள்ளமாகப் போய், இரண்டு மூன்று தரம் அடித்ததும் மேலே வந்து நின்றால் பெரும்பாலும் ட்ரம்முக்குள் இருக்கும் கட்டைகளைச் சரிசெய்யாத குறை.

வெளிக்கசிவைப் பார்ப்பது சுலபம், பொறுமை இருந்தால். முன்சில்லுகளில் இரண்டிரண்டு, பின்சில்லுகளில் ஒவ்வொன்று என்று ஆறு சிறு சிலிண்டர்கள். ட்ரம்மைக் கழற்றித் தூசி மூடிகளை விலக்கிப் பார்க்க வேண்டும். நிலத்தில் சொட்டு விழவில்லை என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. மாஸ்ரர் சிலிண்டரின் பின்பக்கம் கசிந்தால் ஒயில் சேஸிப் பெட்டிக்குள்ளேயே வழிந்து கிடக்கும்.

தாங்கியில் ஒயில் குறையவேயில்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் சந்தேகம் மாஸ்ரர் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் வொஷரின் மேல்தான். சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் வொஷருக்கும் இதற்கும் வேலை ஒன்றே. கிண்ண வடிவம், வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்கும். மிதித்ததும் ஒயில் அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுவரோடு தள்ளி அமர்த்துகிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும். அழுத்தம் குறைவாக இருக்கையில் விளிம்பைச் சுவரில் வைத்திருப்பது றப்பரின் சொந்த மீள்தன்மை மட்டுமே. தேய்ந்து விறைத்த றப்பருக்கு அது போய்விடும். ஓங்கி மிதித்தால் தப்பித்துக்கொள்ளும் பழுது, மெல்ல மிதித்தால் பிடிபடுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே அரை நிமிடமாவது மெல்லிய, மாறாத பாரத்தோடு காலை வைத்திருந்து பாருங்கள். வொஷர் கிழிந்தே போயிருந்தால் எப்படி மிதித்தாலும் இறங்கும்.

உறுதிசெய்ய இன்னொரு வழி: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று இந்தக் காரில் மூன்று றப்பர் குழாய்கள். வழவழப்பான வாயுள்ள கிளாம்பால் மூன்றையும் இறுக்கிவிட்டு மிதிக்க வேண்டும். அப்போதும் இறங்கினால் சில்லுகளுக்குக் குற்றமில்லை. வெடித்துப் பழுதான குழாயில் இதைச் செய்யப் போக வேண்டாம். அதை மாற்றுவதே முதல் வேலை.

எனக்குச் சுவாரசியமாகத் தோன்றுவது இன்னொன்று. பெடலை மிதித்து மிதித்துப் பிறேக் பைப்பிலிருந்து காற்று எடுத்த மறுநாளே இந்தப் பழுது தொடங்குவதுண்டு. பலர் அதைத் தற்செயல் என்று நினைத்துவிடுகிறார்கள். தினசரி ஓட்டத்தில், வொஷரைத் தள்ளும் பிஸ்டன் மாஸ்ரர் சிலிண்டரின் ஒரு பகுதிக்குள்தான் போய்வரும். அதற்கு அப்பால் ஆண்டுக்கணக்கில் துருவும் கசடும் படிந்திருக்கும். காற்று எடுப்பவர் பெடலைத் தரைவரை மிதிக்க மிதிக்க, வொஷரின் மெல்லிய விளிம்பு அந்தக் கரடுமுரடில் உரசிக் கிழிகிறது. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து அது இறங்கும் தூரத்தை மட்டுப்படுத்தினால் இது நேராது.

துரு எங்கிருந்து வந்தது? கிளைக்கோல் வகை பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். அதே தண்ணீர் வார்ப்பிரும்புச் சுவரில் குழி விழுத்துகிறது. குழி விழுந்த சுவருக்குள் புது றப்பர் போட்டால் அதுவும் சீக்கிரமே அறுபடும். விரல் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் புதுச் சிலிண்டர் வாங்குவதே மேல். தாங்கியில் என்ஜின் ஒயில் தவறி விழுந்திருந்தாலோ ஒரு றப்பரும் மிஞ்சாது, எல்லாம் ஊதிப்போகும்.

அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இரண்டு தனித்தனிப் பிறேக் பாதைகள் கட்டாயமாயின. மைனருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், பெடல் இறங்கும் வண்டியை "மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம்" என்று எடுக்கக் கூடாது. கராஜுக்குக் கூட ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வேலை முடிந்து ஒயில் விடும்போது ஒரு கவனம் தேவை. தாங்கியின் மூடி காலடியில் இருப்பதால், அதைச் சுற்றிச் செருப்பு மண் எப்போதும் கிடக்கும். துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.