கூனும் கூலியும்

தேசத்தின் முதுகெலும்பு தொழிலாளரே என்று மேடைதோறும் முழங்குகிறோம். அத்தொழிலாளருடைய முதுகெலும்பின் கதி யாதென விசாரிப்பார் அரியர். தாமிரபர்ணி பாயும் நெல்லைச் சீமையில் முக்கூடல், மேலப்பாளையம் முதலிய ஊர்களிலும், 2019-இல் தனி ஜில்லாவாகப் பிரிந்த தென்காசியைச் சார்ந்த ஆலங்குளம், கடையம் பக்கத்துக் கிராமங்களிலும், பீடி சுற்றியே குடும்பத்தைக் காக்கும் சகோதரிகள் திரளாக உள்ளனர். பீடி குடிப்பவனைக் கொல்லும் என்பது உண்மையே. அதனால் அதைச் சுற்றுபவளின் துன்பம் நம் கருத்துக்கு உரியதன்று என்றாகிவிடாது.

காலை மடக்கித் தரையில் அமர்ந்து, மடியிற் சொளகை ஏந்தி, இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலாற் கட்டும் இவ்வேலையில் அசைவன விரல்கள் மாத்திரமே. கழுத்தும் தோளும் முதுகும் மணிக்கணக்காகக் குனிந்தபடி நிற்கின்றன. மனிதன் தலை ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. தலை முன்னே சாயச்சாய, அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளின் சுமை பன்மடங்காகிறது.

செக் தேசத்து வைத்தியரான விளாதிமிர் யாந்தா என்பவர் 1979-இல் இந்நிலையை விளக்கினார். பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் தசைகளும் மார்புத் தசைகளும் இறுகிவிடுகின்றன. தொண்டையை ஒட்டிய உட்கழுத்துத் தசைகளும் தோட்பட்டையைக் கீழும் பின்னுமாக இழுத்து நிறுத்தும் தசைகளும் தளர்ந்துவிடுகின்றன. பக்கவாட்டில் நோக்கினால் இவ்விரண்டும் பெருக்கற்குறிபோல் குறுக்கிட்டு நிற்கும். ஆயினும் கூனல் ஒன்றே நோவுக்குக் காரணமென்று இக்கால ஆராய்ச்சியாளர் கொள்வதில்லை. எந்த நிலையாயினும் அசையாமல் நெடுநேரம் இருப்பதே பெருந்தீங்கு என்பது அவர்கள் துணிபு.

ஆகவே பரிகாரமும் தைலத்தோடு முடிவதன்று. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடத்தல் வேண்டும். சுவரிற் சாய்ந்து, தாழ்ந்த மணைமேல் அமர்ந்து, சொளகைச் சிறு பலகைமீது உயர்த்திக்கொண்டால் குனிவு குறையும். மோவாயை நேரே பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணும்வரை நிறுத்துதல், இரு தோட்பட்டைகளையும் பின்னே நெருக்குதல், வாசல் நிலையில் முன்கைகளை ஊன்றி மார்பை விரித்தல் ஆகிய மூன்றையும் பப்பத்து முறை தினந்தோறும் பயிலலாம். சில வாரங்கள் விடாது செய்தாலன்றிப் பலன் தோன்றாது. கையில் மரப்பு, பிடி தளர்தல், நடை தடுமாறல் கண்டால் பயிற்சியை நிறுத்தி, தாமதமின்றி வைத்தியரிடம் செல்க.

இவ்வளவும் சொல்லுதல் எளிது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி அளக்கப்படுமிடத்தில், எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அடுப்பிலேறும் அரிசியிற் கைவைக்கிறது. 1966-இல் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், தொழிற்கூடத்தில் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலைக்கு வரம்பு கட்டிற்று. ஆனால் குடியிருக்கும் வீடு அந்த வரம்புக்கு உட்படவில்லை. வேலையோ பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் நடப்பது! தொழிலாளர் சேமநிதிக்கென 1976-ஆம் வருஷத்துச் சட்டப்படி பீடிமீது விதித்துவந்த தனி வரியும் 2017-இல் நீக்கப்பட்டது. முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரி நிறுவியது நன்றே. எனினும் நோய் முற்றியபின் மருந்து கொடுப்பதிலும், முற்றாமற் காப்பதே அறிவுடைமை.

தொழிற்சங்கத் தோழர்கள் கூலி உயர்வு கேட்குமிடத்து இரண்டு கோரிக்கைகளையும் உடன் சேர்ப்பார்களாக. இளைப்பாறும் நேரத்தையும் கணக்கிட்டே ஆயிரத்துக்குரிய கூலி நிர்ணயிக்கப்பட வேண்டும். தொழிலாளர் மருந்தகந்தோறும் இயன்முறை வைத்தியம் தடையின்றிக் கிட்டவேண்டும். நிமிர்ந்து நில்லுங்கள் என்று ஏழைப் பெண்ணுக்கு உபதேசிக்குமுன், அவள் நிமிர்வதற்குரிய அவகாசத்தைக் கொடுப்பதே நம் கடன்.