துருவை மூடினால் துரு நிற்குமா?

மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் 1954-ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஜாம்ஷெட்பூரில் தயாரித்த முதல் லாரிகள் அத்தகையவை. அவற்றில் சில இன்னும் ஏதாவதொரு கொட்டகையிலோ, பட்டறையின் பின்புறத்திலோ நின்றுகொண்டிருக்கும். அப்படிப்பட்ட லாரி ஒன்றைப் புதுப்பிக்க ஒருவர் முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவின் அடியில் துரு. மட்கார்டில் இரண்டு ஓட்டைகள். அவர் மேலாகத் தேய்த்து, ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்து, பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுகிறார். லாரி புத்தம் புதிதாகக் காட்சியளிக்கிறது. ஒரு மழைக்காலம் கழிகிறது. பெயிண்டில் கொப்புளங்கள் எழுகின்றன. விரலால் அழுத்தினால் பட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுகிறது. முன்பு இரண்டு ரூபாய் நாணயம் அளவிருந்த ஓட்டை இப்போது உள்ளங்கை அளவு ஆகியிருக்கிறது!

பெயிண்ட் மட்டமானதா? பட்டி போலியா? இரண்டும் இல்லை. காரணத்தை அறிய, துரு எப்படி உண்டாகிறது என்பதை முதலில் காண்போம்.

துரு என்பது ஒரு மின்கலம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் தேவை என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அவை இரண்டும் இரும்பின் ஒரே இடத்தைத் தாக்குவதில்லை. ஈரமான தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து, அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி, மற்றோர் இடத்தில் ஆக்ஸிஜனையும் நீரையும் சந்தித்து ஹைட்ராக்ஸில் அயனிகளை உண்டாக்குகின்றன. இரண்டு வகை அயனிகளும் நீரில் சந்திக்கும்போது இரும்பு ஹைட்ராக்ஸைடு பிறக்கிறது. அதுவே மேலும் ஆக்ஸிஜனை ஏற்றுப் பழுப்பு நிறத் துருவாகிறது. ஆக, ஒவ்வொரு துருப் புள்ளியும் ஒரு சின்னஞ்சிறு டார்ச் விளக்குக் கலம். தகடே அதன் இரு முனைகளையும் இணைக்கும் கம்பி. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால்தான் கடற்கரை ஊர்களில் வண்டிகள் விரைவாகத் துருப்பிடிக்கின்றன.

இந்தக் கலத்தில் அரிபடுவது எந்த முனை? ஆக்ஸிஜன் நிறையக் கிடைக்கும் இடமா, குறைவாகக் கிடைக்கும் இடமா? நிறையக் கிடைக்கும் இடம் என்றே எல்லோரும் எண்ணுவார்கள். உண்மை நேர்மாறானது. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யு. ஆர். எவன்ஸ் 1920-களில் இதை ஒரு சொட்டு உப்புநீரைக் கொண்டே விளக்கினார். நீங்களும் செய்து பார்க்கலாம். உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு பெரிய சொட்டு உப்புநீரை வையுங்கள். இரண்டொரு மணி நேரத்தில் சொட்டின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே துரு வளையமாகத் தோன்றும். சொட்டின் விளிம்பு மெல்லியது. அங்கே காற்று எளிதில் நுழைகிறது. நடுப்பகுதி தடித்தது, அங்கே காற்று சேர்வது கடினம். சொட்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்: அரிபட்டிருப்பது நடுப்பகுதியே.

அதாவது, காற்றுப் படாமல் ஈரம் தங்கும் இடமே முதலில் கரைகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய லாரியைச் சுற்றி வாருங்கள். துரு எங்கே இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். மட்கார்டின் உள்வளைவில் அப்பிய சேற்றின் அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைத்த இரு தகடுகளின் இடுக்கில், தரை விரிப்பின் கீழே, கதவின் அடிமடிப்பில். அக்காலத்தில் பல லாரிகள் ஆலையிலிருந்து சேசிஸும் முன்முகப்புமாகவே வந்தன. கேபினைப் பட்டறைகளில் மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்துக் கட்டினார்கள். நாமக்கல் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். ஈரம் ஊறிய மரமும் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே பெயிண்ட், கீழே அரிப்பு

அலுமினியமும் காற்றில் ஆக்ஸைடு ஆகிறது. ஆனால் அந்த ஆக்ஸைடு, அது எந்த உலோகத்திலிருந்து உண்டானதோ அதைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு இடத்தையே அடைக்கிறது. எனவே இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ, அதில் அடங்கியுள்ள நீரின் அளவைப் பொறுத்து, 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கிறது. இடம் போதாமல் அது பொரிந்து எழுகிறது. மேலிருக்கும் பெயிண்டைத் தூக்குகிறது. தூக்கிய இடைவெளியில் ஈரம் நுழைகிறது. புதிய இரும்பு அகப்படுகிறது.

துருவின்மேலேயே பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? துரு பஞ்சு போன்ற நுண்துளைகள் கொண்டது. ஈரத்தையும் உப்பையும் தன்னுள் வைத்திருக்கும். பெயிண்ட் படலமோ முற்றிலும் நீர் புகாதது அல்ல. அது ஒரு சவ்வு போன்றது. சவ்வூடு பரவல் பற்றி நீங்கள் அறிவீர்கள். உள்ளே சிக்கிய உப்பு, வெளியிலுள்ள நீரைப் படலத்தின் வழியே உறிஞ்சுகிறது. இவ்வாறு எழுவதே கொப்புளம். பட்டியும் ஈரத்தை உறிஞ்சக்கூடியதே. ஓட்டையை வெறும் பட்டியால் அடைப்பது, தகட்டின் பின்புறத்தில் ஈரப்பஞ்சு ஒன்றை நிரந்தரமாக ஒட்டி வைப்பதற்குச் சமம்.

இதனால் கெடுவது அழகு மட்டுமன்று. ஃபுட்போர்டு, தரைத் தகடு, கதவுக் கீல், கேபினைச் சேசிஸுடன் பிணைக்கும் இடங்கள் ஆகியவை மனிதர்களின் எடையைத் தாங்குபவை. அங்கே துருவைப் பெயிண்டால் மறைப்பது, பழுதை அடுத்தவர் கண்ணிலிருந்தும் மறைப்பதாகும். நம்பி ஏறுகிறவரின் கால்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

காந்தமும் சிறு சுத்தியும்

ஆகவே, பழுது பார்ப்பதன் முதற்படி துருவின் எல்லையைக் கண்டறிவது. இதற்கு உங்கள் பள்ளிக் காந்தம் போதும். காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகட்டில் அது இறுக்கமாக ஒட்டும். தூரம் சிறிது கூடினாலும் காந்தக் கவர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே பிடி தளரும் இடத்தில் தடித்த பட்டி இருக்கிறது என்று அறியலாம். சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடிடுங்கள்.

அடுத்து, சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால், அங்கே மிஞ்சியிருப்பது பெயிண்ட்தான். கண்ணுக்குத் தெரியும் துருவைவிட உள்ளே இருப்பது பெரும்பாலும் அதிகம். வெளிப்புறத்தோடு நிற்காமல், தகட்டின் பின்புறத்தையும் டார்ச் விளக்கால் பாருங்கள்.

சேசிஸ் சட்டத்திலோ, பிரேக் குழாய்களிலோ அரிப்பு கண்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது புதியவர் தொடும் வேலை அன்று.

சுரண்டுவது எதுவரை?

பளபளக்கும் இரும்பு தெரியும்வரை. அதுவும், கோடிட்ட எல்லையைத் தாண்டி, பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் நல்ல தகட்டில் இரண்டு விரற்கடை தூரம் வரை. கம்பி பிரஷ், சுரண்டி, உப்புத்தாள் ஆகியவை இதற்குப் போதும். ஓர் எச்சரிக்கை: பழைய பெயிண்டுகளில் காரீயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு மூளைக்கும் நரம்புக்கும் கேடு. சிறுவர்களுக்கு மேலும் கேடு. எனவே பழைய பெயிண்ட் உள்ள இடத்தைப் பெரியவர்களே முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, நீர் தெளித்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். கழிவைத் துணியில் வழித்து எடுக்க வேண்டும். கைகழுவாமல் உணவைத் தொடக்கூடாது.

சிறு குழிகளின் அடியில் பிரஷ் எட்டாத துரு இருக்கும். அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துரு நீக்கி வண்ணக் கடைகளில் கிடைக்கிறது. அது துருவுடன் வினைபுரிந்து இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. தகடு சாம்பல் நிறமாகிறது. கையுறை அணிந்து, டப்பாவில் அச்சிட்டுள்ளபடி பயன்படுத்த வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவை இன்னும் வேகமாகக் கரைக்குமே என்று கேட்கலாம். கரைக்கும். ஆனால் இடுக்குகளில் குளோரைடை விட்டுச் செல்லும். உப்பில் இருப்பதும் அதே குளோரைடுதான். துரு திரும்ப வர அதுவே விதையாகும்.

ஒட்டுப் போடுதல்

தகடு மெலிந்து ஓட்டையான இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள புதுத் தகட்டை வெல்டிங் செய்வதே சரியான முறை. இது தேர்ந்த டிங்கரின் வேலை. அவர் செய்வதை, வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்க்காமல், தள்ளி நின்று கவனியுங்கள். அவர் ஒரே மூச்சில் கோடு இழுக்கமாட்டார். இங்கொரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று வைத்து, இடையிடையே ஆறவிடுவார். ஏன்? 1 மீட்டர் இரும்பு, வெப்பநிலை 100 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் 1.2 மில்லிமீட்டர் நீள்கிறது. 10 சென்டிமீட்டர் பகுதி 500 டிகிரி சூடேறினால் 0.6 மில்லிமீட்டர் நீள முயலும். சுற்றிலும் குளிர்ந்த தகடு அதை நீளவிடாது. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு வேறு வழியின்றி அப்பளம்போல் நெளிந்துவிடும். சூட்டைப் பகிர்ந்து கொடுப்பதே அவருடைய கைத்திறன்.

வெல்டிங்குக்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எரிபொருள் தொட்டி காலியாக இருந்தாலும் அதன் அருகே வெல்டிங் கூடாது. மிஞ்சிய ஆவி வெடிக்கும். துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டாகப் பயன்படுத்தினால் வெல்டிங்கின்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

முதலில் பிரைமர், பிறகு பட்டி

சுத்தமான இரும்பு, ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். உங்கள் விரல் வியர்வையின் உப்பு போதும். மறுநாள் அங்கே ரேகை பழுப்பாகத் தெரியும். எனவே சுரண்டிய அன்றே, தின்னரால் துடைத்து, வெயில் உள்ள வறண்ட நேரத்தில் பிரைமர் அடித்துவிட வேண்டும்.

துத்தநாகம் நிறைந்த பிரைமருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி 1824-இல் இதே கருத்தைக் கொண்டுதான், கப்பல்களின் அடியிலுள்ள செம்புத் தகட்டைத் துத்தநாகத்தாலும் இரும்பாலும் காக்க முயன்றார். ஆனால் துத்தநாகம் இரும்பைத் தொட வேண்டும். இடையில் துருவோ பழைய பெயிண்டோ இருந்தால் பலனில்லை. நம் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிப்பு ஒரு முக்கியமான ஆராய்ச்சித் துறை. இத்தகைய பூச்சுகளைப் பற்றி அங்கே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

பிரைமர் நன்கு காய்ந்தபின், சிறு பள்ளங்களை மட்டும் மெல்லிய பட்டியால் நிரப்பலாம். அதன்மேல் மீண்டும் பிரைமர், பிறகு பெயிண்ட். பட்டி என்பது பள்ளத்தை மட்டம் செய்வதற்கு. ஓட்டையை அடைப்பதற்கு அன்று.

கடைசி வேலை

பெயிண்ட் காய்ந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடாதீர்கள். கதவின் அடியில் சிறு துளைகள் உள்ளன அல்லவா? கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக அவற்றை வைத்திருக்கிறார்கள். மண்ணும் சருகும் அவற்றை அடைத்ததால்தான் பெரும்பாலும் அந்தக் கதவு துருப்பிடித்திருக்கும். பிரைமரோ பெயிண்டோ அவற்றை மறுபடி அடைத்திருந்தால், நீங்கள் செய்த வேலை அனைத்தும் சில மழைக்காலங்களுக்கு மேல் தாங்காது. மெல்லிய மரக்குச்சியால் ஒவ்வொரு துளையையும் திறந்துவிடுங்கள். பிறகு கண்ணாடி இறங்கும் இடுக்கின் வழியே ஒரு செம்பு நீரை ஊற்றுங்கள். ஊற்றிய நீர் முழுவதும் கீழே வந்துவிட்டதா என்று குனிந்து பாருங்கள். வராவிட்டால் எங்கே தங்குகிறது என்று தேடுங்கள். அடுத்த துரு தொடங்கப் போவது அந்த இடத்தில்தான்.