குறை விரலிலா, கிட்டாரிலா?



தோட்டத்து வீடுகளில் அலமாரியின் மேலே என்னென்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியும். பழைய துணிப்பெட்டி, தீபாவளிக்கு மட்டும் கீழே இறக்கும் பித்தளைப் பாத்திரம், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்த மருந்துப் புட்டி. எங்கள் வீட்டு அலமாரியின் மேலே இவற்றோடு ஒரு மின்சாரக் கிட்டாரும் பல ஆண்டுகள் படுத்திருந்தது.

எங்கள் அப்பா புக்கிட் மெர்தாஜாமை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1974ஆம் ஆண்டில் அந்தக் கிட்டாரை மாதத் தவணையில் வாங்கினார். ஜப்பானில் செய்தது. அந்தக் காலத்தில் கிட்டார் ஆசை ஒரு காய்ச்சல் போலப் பரவியிருந்தது. 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துச் சென்ற பிறகு, மலாய் இளைஞர்கள் 'குகிரான்' என்ற பெயரில் ஊருக்கு ஊர் கிட்டார்க் குழுக்கள் தொடங்கினார்கள். அந்த ஆசை எங்கள் தோட்டத்து இளைஞர்களையும் பிடித்துக்கொண்டது. கல்யாண வீடு, திருவிழா, தீபாவளி இரவு என்று அப்பா வாசிக்காத இடமில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மத்தியானம் பால் நிறுத்துவிட்டு வந்து, சாயங்காலம் அந்தக் கிட்டாரைத் துடைத்துக்கொண்டு உட்காருவார்.

அப்பா மறைந்தபின் அது அலமாரி மேல் ஏறியது. சென்ற ஆண்டு எங்கள் தம்பி மகன், பதின்மூன்று வயதுப் பையன், அதைக் கீழே இறக்கினான். புதுக் கம்பிகள் மாட்டினோம். பட்டணத்தில் ஓரிடத்தில் பயிற்சிக்கும் அனுப்பினோம். மூன்றே மாதம். விரல் நுனியெல்லாம் கன்றிப்போய் வந்து நின்றான். அழுத்தினால் வலிக்கிறது, அழுத்தியும் சுருதி சேரவில்லை என்றான். கற்றுக்கொடுத்தவர், பிள்ளைக்கு இசைக் காது இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். பையன் ஒன்றும் பேசாமல் கிட்டாரைத் திரும்பவும் மேலே வைத்துவிட்டான். பெட்டியோடு விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சும் எழுந்தது.

நேயர்களே, பட்டை சரியாகச் சீவ வரவில்லையென்றால் அனுபவமுள்ளவர் முதலில் என்ன செய்வார்? உளியின் முனையைத் தடவிப் பார்ப்பார். கையைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான். கிட்டார் விஷயத்தில் அந்த நியாயத்தை நாங்கள் மறந்துவிட்டோம். நினைவு வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் பையனையும் கிட்டாரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். புக்கிட் மெர்தாஜாமில் கொம்யூட்டர் இரயில் ஏறிப் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் கடலைக் கடந்து ஜார்ஜ் டவுன். ஒரு சந்துக்குள் கிட்டார் பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

அவர் கிட்டாரை வாங்கியதும் வாசித்துப் பார்க்கவில்லை. துப்பாக்கியால் குறி பார்ப்பவரைப் போல, கழுத்தின் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் நெடுகப் பார்த்தார். "வளைந்திருக்கிறது" என்று மலாயில் சொன்னார்.

ஏன் வளைகிறது? ஆறு கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கி ஏற்றினால், அவை எல்லாம் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சாதாரணக் கம்பிகளுக்கே ஏறக்குறைய 45 கிலோ. ஓர் அரிசி மூட்டையை இராப் பகலாக அந்த மெல்லிய மரத்தில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். போதாக்குறைக்கு நம் நாட்டு ஈரக் காற்று. மழைக்காலத்தில் கதவு நிலையோடு பிடித்துக்கொள்வதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். கிட்டாரும் மரந்தானே. அதிலும் எங்கள் கிட்டார் தகரக் கூரைக்குக் கீழே, பகலில் அடுப்புப் போலவும் இரவில் ஈரமாகவும் இருக்கிற இடத்தில் கிடந்திருக்கிறது.

இதற்காகவே கழுத்தின் உள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பார்கள். டிரஸ் ராட் என்பார்கள். அதன் திருகை முறுக்கினால், கம்பிகள் இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கழுத்து நிமிரும். அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியார் 1920களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். முற்றிலும் நேராகவும் ஆக்கிவிடக் கூடாது. கம்பி அதிரும்போது நடுவில் அகலமாக ஆடுகிறதல்லவா, அதற்கு இடம் விட வேண்டும். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு நடுவில் பார்த்தால், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். பெரியவர் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகவில்லை. திருகுவார், சுருதி சேர்ப்பார், காத்திருப்பார், மறுபடி பார்ப்பார். இதைச் சொல்லும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் வாரம் எங்கள் தம்பி இதே திருகைச் சைக்கிள் சாவியால் திருப்பப் பார்த்தார். நல்ல வேளை, அளவு பொருந்தவில்லை. அந்தக் கம்பி உள்ளேயே முறிந்துவிட்டால் அதை வெளியே எடுப்பது பெரிய வேலை. கிட்டாரின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும்.

அடுத்து அவர் பார்த்தது, கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் சிறிய பட்டை. நட் என்பது அதன் பெயர். அதில் ஆறு பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளங்களின் ஆழத்தில்தான் பையனின் மூன்று மாத வேதனை முழுவதும் இருந்தது. பெரியவர் கம்பிகளைத் தளர்த்தி, அந்தப் பட்டையை மெல்லத் தட்டி எடுத்தார். அடியிலிருந்து மடித்த அட்டைத் துண்டு ஒன்று வெளியே வந்தது. தீப்பெட்டி அட்டை. சிவப்பு நிறம் இன்னும் மிச்சமிருந்தது.

அப்பா வைத்ததுதான். என்ன நடந்திருக்கும் என்பதைப் பெரியவர் விளக்கினார். பிளாஸ்டிக் பட்டையில் உலோகக் கம்பி வருடக்கணக்காக உரசினால் பள்ளம் ஆழமாகும். கம்பி தாழ்ந்துபோய் முதல் மெட்டைத் தொட்டு 'கிர்ர்' என்று இரையும். ஒன்றிரண்டு கம்பிகளில் அந்த இரைச்சல் வந்திருக்கும். பழுது பார்க்க இவ்வளவு தூரம் வர அப்பாவுக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. அட்டையை மடித்து அடியில் வைத்தார், இரைச்சல் நின்றது. ஆனால் பட்டை மொத்தமாக உயர்ந்ததால், குறையில்லாத கம்பிகளும் சேர்ந்து உயர்ந்துவிட்டன. மண்வெட்டியும் உளியும் பிடித்துக் காய்த்துப்போன அப்பாவின் விரலுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திராது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விரலுக்கு அது இரும்புக் கம்பியைக் கல்லில் அழுத்துவது போல இருந்திருக்கிறது.

சுருதி ஏன் சேரவில்லை என்பதற்கும் இதுவே காரணம். உயரத்தில் இருக்கும் கம்பியை மெட்டு வரைக்கும் கீழே அழுத்தும்போது அது இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி கூடும். ஆக, கம்பிகளைச் சும்மா மீட்டினால் சுருதி சரி, முதல் இரண்டு மூன்று மெட்டுகளில் விரல் வைத்தவுடன் பிசகு. பையனுக்கு அது காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததால்தானே சேரவில்லை என்று சொன்னான்!

பெரியவர் எலும்பில் புதிய பட்டை ஒன்று சீவி, ஒவ்வொரு கம்பியின் தடிப்புக்கும் தனித்தனி அரத்தால் பள்ளம் அறுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பையன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீணை வாசிப்பவர்கள் இருக்கும் வீட்டில், ஆண்டுக்கணக்கில் வாசித்த வீணைக்கு மறுபடி மேளம் கட்டக் கொடுப்பதைப் பார்த்திருக்கலாம். வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் பதிந்தவை. சுருதி விலகினால் கைதேர்ந்தவர் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி வைப்பார். கிட்டாரின் மெட்டுகளோ மரத்தில் அறைந்தவை, நகராது. ஆதலால் கணக்கைச் சரிசெய்ய வேண்டிய இடம் மறுகோடி, அதாவது கம்பிகள் ஏறி நிற்கும் குதிரை. கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், சரிபாதியான 324இல் 12ஆவது மெட்டு இருக்கும். அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயி சட்ஜம் பிசகாமல் பேச வேண்டும். கூடிப் பேசினால் குதிரையில் அந்தக் கம்பியின் இருக்கையைப் பின்னால் தள்ளி நீளத்தைக் கூட்டுவார்கள். குறைந்து பேசினால் முன்னால் கொண்டுவருவார்கள். கம்பிக்குக் கம்பி தடிப்பு வேறுபடுவதால் ஆறு இருக்கைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, கோணலாகத்தான் நிற்கும். அதைப் பார்த்து, கழன்றுவிட்டது என்று நேராக்கிவிடாதீர்கள்.

மெட்டுகளின் விஷயத்தில்தான் நாங்கள் சற்றுத் தயங்கினோம். அவற்றைச் செய்யும் உலோகத்துக்கு நிக்கல் வெள்ளி என்று பெயர். பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். முதல் மூன்று மெட்டுகளில், கம்பிகளுக்கு நேர் கீழே, சிறுசிறு குழிகள் விழுந்திருந்தன. அப்பா வழக்கமாகப் பிடித்த இடங்கள். அவற்றை மட்டமாக அராவிவிட்டால் குழிகள் போய்விடும், அராவாவிட்டால் அந்த இடங்களில் சுரம் இரைந்துகொண்டேயிருக்கும் என்று பெரியவர் கூறி, என்ன செய்யலாம் என்று எங்களைக் கேட்டார். பிறருடைய பொருளில் கை வைக்குமுன் கேட்கிறாரே, அது நல்ல கைவினைஞருக்கு அடையாளம். நாங்கள் பையனைப் பார்த்தோம். அவன், "தாத்தா கையால் தேய்ந்தது கழுத்துக்குப் பின்னாலும் இருக்கிறதே பெரியப்பா, அதை மட்டும் அப்படியே விடச் சொல்லுங்கள்" என்றான். உண்மைதான். கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பின்பக்கத்து வார்னிஷ் ஓர் இடத்தில் முழுதாகப் போயிருந்தது. மெட்டுகளை அராவச் சொன்னோம். பின்பக்கத்தை அவர் தொடவில்லை.

மின்சாரப் பகுதியில் வேலை அதிகமில்லை. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது ஒரு காந்தமும், அதைச் சுற்றி மயிரிழைபோன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியதும் சேர்ந்த ஒன்று. எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது செம்புச் சுருளில் சிறிய மின்னோட்டம் எழுகிறது. அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கி நமக்குக் கேட்கச் செய்கிறது. நைலான் கம்பி மாட்டினால் பேசாததற்கு இதுவே காரணம். பிக்கப்பை மிக உயரமாக வைத்தாலும் கெடுதல். காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். பெரியவர் திருகாணியால் சற்றே தாழ்த்திவிட்டு, உள்ளே அறுந்திருந்த நில இணைப்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்தார். இங்கே ஓர் எச்சரிக்கை. வாசிக்கும்போது கம்பியில் கை 'சுர்' என்றால், கோளாறு பெரும்பாலும் ஒலிபெருக்கியிலோ அதன் மூன்று முனைச் செருகியிலோ இருக்கும். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மழையில் நனைந்த திருவிழாப் பந்தலில் நீட்டுக் கம்பி இழுத்து வாசிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

இவ்வாறு பகுதி பகுதியாகக் கழற்றித் திருத்தும் வசதி மின்சாரக் கிட்டாருக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். 1954இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஸ்ட்ராட்டோகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பழுது பார்ப்பவருக்கு எது எளிது என்பது நன்றாகத் தெரியும். அதனால்தான் கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணிகளால் பூட்டினார். எங்கள் ஜப்பான் கிட்டாரும் அந்த முறையில் செய்ததே.

வேலைக்குக் கொடுக்குமுன், என்னென்ன செய்வார், கூலி எத்தனை வெள்ளி என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தடிப்புக் கம்பி மாட்டப் போகிறோம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். தடிப்பு மாறினால் இழுவை மாறும், செய்த திருத்தமெல்லாம் விலகும். எங்கள் பையனுக்கு மெல்லிய கம்பி போதும் என்று பெரியவரே எடுத்துக் கொடுத்தார். வாசித்தபின் வியர்வையைத் துடைக்க வேண்டும், கூரைக்கடியிலும் வெயில் படும் சுவரோரத்திலும் வைக்கக் கூடாது, ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்.

ஒரு மாதத்தில் போனோம். மரம் புதிய இழுவைக்குப் பழகிக் கழுத்து சற்று அசைந்திருந்தது. இன்னொரு கால் சுற்று. அதற்கு அவர் கூலி வாங்கவில்லை. பையன் அங்கேயே உட்கார்ந்து தான் கற்ற பாட்டொன்றை முழுதாக வாசித்துக் காட்டினான். ஓரிடத்தில் தடுமாறினான், நிறுத்தாமல் தொடர்ந்தான். அந்தத் தீப்பெட்டி அட்டையைப் பெரியவர் ஒரு சிறிய உறையில் போட்டு முதல் நாளே எங்களிடம் கொடுத்திருந்தார். இப்போது அது கிட்டார்ப் பெட்டிக்குள், மாற்றுக் கம்பிகள் வைக்கும் அறையில் இருக்கிறது.