கார்க் கதவு ஒழுங்காகப் பூட்டவில்லையா? நாமே பார்க்கலாம்

போரில் கணவரை இழந்தபின் வாகனம் ஓட்டிப் பிழைக்கும் பெண்கள் எங்கள் வன்னிப் பக்கத்தில் சிலர் இருக்கின்றோம். நான் பழைய மாருதி காரில் நான்கு பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குகின்றேன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இத்தகைய பழைய கார்களின் விலையும் ஏறிவிட்டது. இருப்பதைப் பேணிக் காப்பதைத் தவிர எமக்கு வேறு வழியில்லை.

அண்மையில் என் காரின் பின்கதவு சரியாகப் பூட்ட மறுத்தது. கராச்சில், "அக்கா, லொக்கை முழுசா மாத்தோணும்" என்றார்கள். கேட்ட காசு எனது ஒரு கிழமை வருமானம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த முதியவர் ஒருவர் எங்கள் அயலில் இருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, "பிள்ளை, லொக் பழுதில்லை, ஊத்தைதான்" என்றார். அவரிடம் கற்றதை உங்களோடு பகிர்கின்றேன்.

கதவின் ஓரத்தில் கவட்டை போலப் பிளந்த ஓர் இரும்பு உண்டு. கார்ச் சட்டத்தில் வளையம் போன்ற கம்பி உண்டு. கதவைச் சாத்தும்போது கவட்டை சுழன்று வளையத்தைப் பிடிக்கும். இது இரண்டு படிகளில் நடக்கும். முதற்படியில் மட்டும் நின்றால் கதவு பூட்டியது போலத் தெரியும். ஆனால் சற்று வெளியே தள்ளி நிற்கும். பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது அது திறந்துவிட்டால், சாய்ந்திருக்கும் பிள்ளையின் கதி என்ன? ஆகவே இதைச் சிறு விடயமென விடக்கூடாது.

முதலில் கதவைத் திறந்து வைத்து, ஸ்குறூ டிரைவரால் கவட்டையைத் தள்ளுங்கள். 'டிக், டிக்' என இரண்டு தரம் சத்தம் கேட்கவேண்டும். பின்னர் வெளிக் கைபிடியை இழுத்தால் அது சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். கவட்டை பூட்டிய நிலையில் இருக்கும்போது கதவை அடித்துச் சாத்தாதீர்கள். வளையத்தில் மோதி வளைந்துவிடும்.

கவட்டை மந்தமாகத் திரும்பினால், எங்கள் செம்மண் தூசியும் காய்ந்த கிறீசும் சேர்ந்து இறுகியிருக்கும். பழைய பல்துலக்கும் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. பிறகு சிறிது கிறீஸ் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

கவட்டை நன்றாக இயங்கியும் கதவு பூட்டவில்லையா? திறந்த கதவின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் பிணைச்சல் தேய்ந்துள்ளது. அது கராச் வேலை. ஆட்டம் இல்லையெனில், வளையத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அதன் ஸ்குறூக்களைச் சற்றே தளர்த்துங்கள். கதவு கீழே இடித்தால் வளையத்தைக் கீழேயும், மேலே இடித்தால் மேலேயும் ஒரு மில்லிமீற்றர் அளவு நகர்த்தி, நன்றாக இறுக்கி, மெதுவாகச் சாத்திப் பாருங்கள். முதற்படியில் பிடித்தும் இரண்டாம் படி விழவில்லையெனில் வளையத்தைச் சற்று வெளிப்பக்கமாக நகர்த்தவேண்டும். கதவோரத்து இறப்பர் மடிந்திருந்தாலும் இதே குறை வரும். அதையும் தடவிப் பாருங்கள்.

என் கதவுக்குத் துப்புரவு செய்ததே போதுமாயிற்று. அரை மணித்தியாலமும் கொஞ்ச மண்ணெண்ணெயும்தான் செலவு.

இவ்வளவு செய்தும் இரண்டாவது 'டிக்' கேட்கவில்லையென்றால், கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடவேண்டாம். அன்று ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திருத்துநரிடம் காட்டுங்கள். ஒரு நாள் உழைப்பை ஈடுசெய்யலாம். ஒரு பிள்ளையை ஈடுசெய்ய முடியாது. அப்போதும் சும்மா நிற்காதீர்கள். எது தேய்ந்தது, எது மாற்றப்படுகிறது என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். வாகனத்தைப் பற்றிப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணுபவர்தான் தேவையற்ற செலவை நம் தலையில் கட்டுகிறார். தெரிந்து கேட்கும் பெண்ணை எவரும் இலகுவில் ஏமாற்ற முடியாது, சகோதரிகளே.